தோசைக்கல்லில் கொதித்த சோடா

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கடைக்குச் சாமான் சீட்டு எழுதியதைத் தவிரப் பேனா பிடித்த பழக்கம் இல்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நிற்பேன், அதனால்தான் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மறதியும் கூடிவிட்டது. முன்னது பின்னதாக வந்தால் என் வயதுக்காரர்கள் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீங்களும் இந்தப் பக்கம் வளர்ந்தவர்கள்தானே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மதினி மேல் எனக்கு உள்ள பொறாமையைத்தான் எழுதப் போகிறேன். சின்ன வயதில் இருந்த பொறாமை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

மதினி என்றால் என் தாய்மாமன் மகள். என்னைவிட இரண்டு வயது மூப்பு. அவளுடைய அம்மா இறந்து, மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார். காரியாபட்டிப் பக்கம் அவர்கள் ஊர். சித்திக்காரி சோற்றுக்கு முகம் கோணுகிறாள் என்று கேள்விப்பட்டு, அம்மாவே போய் அந்தத் தீபாவளி சீசனுக்கு அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊர் வெம்பக்கோட்டைக்குக் கொஞ்சம் இங்கிட்டு. அப்பா லோடு ஏற்றுகிற வேலை. சீசனில் அவர் வீட்டுக்கு வருவது தூங்குவதற்கு மட்டும்தான்.

அம்மா முன்பு பட்டாசுக் கம்பெனியில், வெடிகளைக் காயப்போடுகிற மேடையில் வேலை பார்த்தவள். கை வீக்கம் வந்து நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் இனிப்புப் போண்டா சுட்டு, கூடையில் வைத்து, கம்பெனிக்குப் போகிற ரோட்டு முக்கில் விற்றாள். கம்பெனிப் பக்கத்தில் அடுப்புப் பற்ற வைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கருக்கலிலேயே எழுந்து எல்லாவற்றையும் சுட்டு முடித்துவிட வேண்டும். மைதா, சீனி, புளித்த மோர், ஏலக்காய், ஒரு கரண்டி ஆப்பச் சோடா. அவ்வளவுதான் போண்டா. ஆனால் அம்மா சுட்டால் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும்.

மாவு கரைப்பது அதுவரை என் வேலை. மதினி வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எனக்குக் கையில் புண் என்று அவளைக் கரைக்கச் சொன்னாள் அம்மா. அன்றைக்குப் போண்டா கொஞ்சம் பெரிதாக உப்பியது. அவ்வளவுதான், அதோடு என் வேலை போனது.

"கை ராசி தாயி உனக்கு. இனி நீயே கரைச்சுக்கோ" என்றாள் அம்மா.

தாயி. என்னை ஒரு நாளும் அம்மா அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்குக் கழுதை, கூறுகெட்டவ, ஏ இவளே, இந்த மூன்றும்தான். புண் ஆறின பிறகு நான் சட்டி பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"நீ அங்கிட்டுப் போயி ஏலக்காயத் தட்டு" என்றாள் அம்மா. "அவளுக்குக் கை பதம் வந்துருச்சு. நீ வந்து கெடுக்காத."

"நான் கரைக்கும்போதும் நல்லாத்தான இருந்துச்சு."

"இருந்துச்சு. இப்ப இன்னும் நல்லா இருக்கு."

மதினி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் பாட்டுக்கு முழங்கை வரை மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் அம்மா முதலில் அவளைத்தான் கூப்பிடுவாள். அவளுக்கு முடி அடர்த்தி. இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டினால் கழுத்து இரண்டு பக்கமும் கறுப்பாகத் தொங்கும். என் முடி எலிவால். எங்கள் வீட்டில் நீலப் பூப் போட்ட ஒரு எனாமல் தம்ளர் இருந்தது. விளிம்பில் ஒரு இடத்தில் பெயர்ந்து உள்ளே கறுப்புத் தெரியும். கருப்பட்டிக் காப்பி அதில் குடித்தால்தான் எனக்கு இறங்கும். அதையும் அம்மா மதினிக்குக் கொடுத்துவிட்டாள். விருந்தாளிப் பிள்ளையாம். இப்போது அந்தத் தம்ளர் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பெயர்ந்த இடத்தில் அவள் உதடு வைத்துக் குடித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு நாள் அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். "இவ அங்கன போயி என்ன செய்யப்போறா. தீவாளி கழியவும் நம்ம பள்ளிக்கூடத்துலயே சேத்துருவோம். இங்கனயே இருக்கட்டும்."

அப்பா சரி என்றார். மதினி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை ஒரு பிள்ளையின் முகத்தில் நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை. நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தது, ஆனால் சூரியனைக் காணோம். கம்பெனிகளில் வெடி காயாமல் வேலை தேங்கியது. ஆர்டர் மட்டும் நெருக்கியது. வீட்டில் உப்பு நீர்விட்டது. சீனி ஒட்டியது. ஆப்பச் சோடா டப்பாவைத் திறந்தால் கட்டி கட்டியாக இருந்தது.

இங்கேதான் நீங்கள் அம்மாவைப் புரிந்துகொள்ள வேண்டும். மேடையில் வேலை பார்த்தவளுக்குப் பொடி என்றால் காய்ந்திருக்க வேண்டும். ஈரப் பொடியைத் தொட மாட்டாள். மிளகாய்ப் பொடியானாலும் கோலப் பொடியானாலும் வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்துத்தான் எடுப்பாள். இந்த வட்டாரத்தில் கம்பெனிக்குப் போய் வந்த பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. கம்பெனியில் வெயிலை விட்டால் வேறு எதிலும் காய வைக்கக் கூடாது. வீட்டில் அந்தப் பயம் இல்லையே. வெயில் இல்லாததால் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போட்டு, சோடாவை நுணுக்கி அதில் பரப்பினாள்.

நான் பக்கத்தில் ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பொடி அசைய ஆரம்பித்தது. தண்ணீர் கொதிக்கிற மாதிரியே கொதித்தது. குமிழ் குமிழாக எழும்பி அமுங்கியது. அகப்பையை வைத்தால் வழிந்து ஓடியது. ஆனால் தொட்டால் மாவு, ஈரமே இல்லை. அம்மா மேலே ஒரு மூடியைப் போட்டு எடுத்தாள். மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் முத்து.

"பாத்தியா, எம்புட்டு ஈரத்தக் குடிச்சு வச்சிருக்குன்னு" என்றாள். கொதிப்பு அடங்குகிற வரைக்கும் கிண்டி, ஆற வைத்து, டப்பாவில் போட்டாள். டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன், லேசாக இருந்தது. ஈரம் போய்விட்டதல்லவா, அதனால் என்று நினைத்தோம்.

மறுநாள் கருக்கலில் அம்மா என்னைத் தண்ணீருக்கு அனுப்பினாள். நான் குடத்தோடு திரும்பி வரும்போது மதினி மாவு கரைத்து முடித்திருந்தாள். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் போண்டா வெந்தது. சீக்கிரம் சிவந்தது, சில உருண்டை கறுத்தே போனது. விறகு அதிகம் என்று அம்மா ஒரு கட்டையை இழுத்துவிட்டாள். முதல் விற்பனை ஆகிற வரைக்கும் வீட்டு ஆள் யாரும் போண்டாவை வாயில் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அதனால் யாரும் ருசி பார்க்கவில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் மழை விடுமுறை. அம்மாவோடு நாங்கள் இரண்டு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டு முக்குக்குப் போனோம். கம்பெனிக்குப் போகிற பெண்கள் வந்தார்கள். ஒரு அக்கா போண்டாவைப் பிட்டாள்.

"என்னக்கா, உள்ள இம்புட்டு மஞ்சளா இருக்கு" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அப்போதுதான் வெளிச்சத்தில் நாங்களும் பார்த்தோம். மஞ்சள் அரைத்துக் கலந்த மாதிரி இருந்தது. இன்னொருத்தி கடித்துவிட்டுத் துப்பினாள். "கசக்குது. என்னமோ நாக்குல வழுக்குது."

"மஞ்சளா இருக்கு, கசக்குது. கந்தகமா இருக்குமோ?"

"மேடையில வேல பாத்த பொம்பளதான. சேலயில கீலயில ஒட்டிக்கிட்டு வந்துருக்கும்."

கந்தகம் என்ற சொல் விழுந்ததும் கூட்டம் இரண்டடி பின்னால் போனது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு விளக்க வேண்டாம். வெடிமருந்து தொட்ட மருந்துக்காரி கையில் தின்னக் கூடாது என்று ஒருத்தர் சொல்லிவிட்டால், மறுநாள் கூடையைத் தூக்க முடியாது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கூடையில்தான் எங்கள் அரிசியும் என் பள்ளிக்கூடமும் இருந்தது.

கம்பெனிப் போர்மேன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தார். துப்பினார். மறுபடியும் ஒரு துண்டை வைத்தார்.

"கந்தகம் இல்ல. பயப்படாதீக. இது சலவச் சோடா. எங்க வீட்டுல வேட்டி வெளுக்கப் போடுவாக, எனக்குத் தெரியாதா."

"சலவச் சோடா கண்ணாடிக் கல்லு மாதிரி இருக்குமே அண்ணாச்சி. அதயும் ஆப்பச் சோடாவயும் போயி மாத்துவாகளா?" என்றாள் ஒருத்தி.

"பழசானா கல்லு நிக்காதும்மா. கோடையில ஈரம் விட்டுச்சுன்னா அதுவும் மாவாத்தான் பொடியும்." அம்மா பக்கம் திரும்பினார். "யாரு கரைச்சது?"

அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். முதலில் என்னை. பிறகு அவளை.

"எங்க அண்ணன் மக. சின்னப்புள்ள. ரெண்டு டப்பாவும் ஒரே பலகையில இருக்கு. மாத்தி எடுத்துருச்சு போல அண்ணாச்சி."

போர்மேன் என்னைப் பார்த்து, "அப்படியா புள்ள?" என்றார். "மதினிதான் கரைச்சா" என்றேன். அது நடந்ததுதானே.

கூட்டம் லேசாகிவிட்டது. சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"ஏத்தா, எங்க குடலயும் சேத்து வெளுக்கப் பாத்தியா?"

"ரெண்டு எனக்குக் குடு. சாயங்காலம் வீட்டுக்காரர் சட்டய அதுலயே ஊற வச்சுக்கிருதேன்."

"கைராசிக்காரின்னு உங்க அத்த சொன்னாகளே, இதுதானா அது?"

மதினி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். எனக்கு என்னவோ திருவிழாப் பார்க்கிற மாதிரி இருந்தது. அம்மா வாயில் அவள் தாயி இல்லை, அண்ணன் மகள் ஆகிவிட்டாள். மாட்டிக்கொள்ள இரண்டு பிள்ளைகள் நிற்கும்போது அம்மா தன் பிள்ளையை விட்டுவிட்டு மற்றவளைக் காட்டினாள். அதை நான் மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"புள்ளய ஊருக்கு அனுப்பிர்றேன்" என்று அம்மா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். யாரும் அனுப்பச் சொல்லவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அம்மா சோடா டப்பாவைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்ததைப் பார்த்தேன். வாய் கொப்பளித்தாள். கடையில் கட்டி வந்த காகிதத்தில் வறுக்காத சோடா கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதையும் தொட்டு வைத்தாள். அந்த டப்பாவை அவள் கொட்டவில்லை. அடுத்த வாரம் அப்பாவின் லோடு சட்டைகளை அதில்தான் ஊறப்போட்டாள். பளிச்சென்று வெளுத்தது. இதையெல்லாம் பார்த்தேன். ஆனால் ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

மறுநாள் அம்மாவே மதினியைப் பஸ் ஏற்றிவிடக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். போண்டா மறுபடியும் விற்றது. மாவு நான்தான் கரைத்தேன். பொங்கல் வரைக்கும் அம்மா என்னிடம் அதிகம் பேசவில்லை. மதினியை அவ்வளவு தேடுகிறாளே என்று அதற்கும் எனக்கு எரிச்சல்தான்.

மதினி திரும்ப எங்கள் வீட்டில் வந்து இருக்கவே இல்லை. தன் மகள் மேல் பழி போட்டு அனுப்பிவிட்டாள் என்று மாமாவுக்குக் கோபம். பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. சின்ன வயதிலேயே கல்யாணம். ஆனால் பாருங்கள், எங்கே போட்டாலும் முளைக்கிற விதை அவள். விருதுநகரில் மகன் வத்தல் வியாபாரம் செய்கிறான், மாடி வீடு. இந்த வயதிலும் சொந்தப் பல். விசேஷ வீடுகளில் பார்த்தால் அவள் சடையைத்தான் முதலில் பார்ப்பேன். நரைத்திருந்தாலும் இன்னும் அடர்த்தி. அப்போதெல்லாம் ஒன்றை நினைத்துத்தான் மனதை ஆற்றிக்கொள்வேன். என்னதான் இருந்தாலும் அன்றைக்கு ரோட்டு முக்கில் அம்மா என்னைத்தான் காப்பாற்றினாள்.

நானும் இப்போது அதே விருதுநகரில்தான் என் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மழைக்கு சோடாப் பாக்கெட் கட்டியாகிவிட்டது. அம்மா பழக்கம் எனக்கும் உண்டு. முதல் தடவையாகச் சோடாவைத் தோசைக்கல்லில் போட்டேன். அதே மாதிரி கொதித்தது. இனிப்புப் போண்டா சுட்டு, கீழ் வீட்டில் டியூஷன் எடுக்கிற பெண்ணுக்கும் அவளிடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். பிட்டால் மஞ்சள். வாயில் வைத்தால் வழுவழுப்பு.

அந்தப் பெண் ஒரு வாய் தின்றுவிட்டு, "ஆச்சி, சோடாவச் சூடு பண்ணுனீகளா?" என்றாள்.

"கட்டியா இருந்துச்சு, காய வச்சேன்."

"அதான் சலவைச் சோடாவாகிருச்சு. ஆப்பச் சோடா சூட்டுல உடஞ்சுரும் ஆச்சி. அதுக்குள்ள இருக்க தண்ணியும் பாதிக் காத்தும் வெளிய போயிரும். அந்தக் காத்துதான் மாவ ஊத வைக்கிறது. மிச்சம் கல்லுல நிக்கிறது சலவைச் சோடா. அத இன்னும் காய்ச்சுனாலும் நம்ம அடுப்புல மேக்கொண்டு உடையாது."

"மூடியில தண்ணி முத்து முத்தா நின்னுச்சே, அது ஈரம் இல்லயா?"

"ஈரமும் கொஞ்சம் இருக்கும். மிச்சம் அந்தச் சோடா உடைஞ்சு வந்த தண்ணி."

அந்தப் போர்மேன் நாக்கு பொய் சொல்லவில்லை. அது சலவைச் சோடாவேதான். ஆனால் டப்பாவை யாரும் மாற்றவில்லை.

இரண்டு நாள் கழித்து மதினிக்குப் போன் போட்டேன். நானாக அவளுக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"என்ன மதினி, சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. என்னத்தா அதிசயமா இருக்கு. யாரும் போய்ச் சேந்துட்டாகளா?"

"அதெல்லாம் இல்ல. அந்தப் போண்டா விசயம். நீங்க மாத்திப் போடல மதினி. சோடாவ அம்மாதான் கல்லுல வறுத்தாக. அதுலதான் அப்படி ஆயிருக்கு. இப்பத்தான் தெரிஞ்சுச்சு."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்றாள்.

"எப்படி?"

"கரைக்கும்போதே கையில வழுக்குச்சு. அத்தகிட்டச் சொன்னேன். காஞ்ச பொடி அப்படித்தான் இருக்கும்னாக. அப்புறம் பஸ்ஸுக்கு நிக்கும்போது அவுகளே சொல்லிட்டாக. கல்லுல போட்டது நாந்தான் தாயி, அதுலதான் கெட்டுப்போச்சு, நான் செஞ்சேன்னு சொன்னா மருந்துக்காரி என்னத்தயோ கலந்துட்டான்னு கூடய முடக்கிருவாக, உன்னயச் சொன்னா சின்னப்புள்ளன்னு சிரிச்சுட்டு விட்ருவாக, நீ இந்தப் பழிய வச்சுக்கிருவியான்னு கேட்டாக. சரின்னேன். பொங்கல் முடியவும் வந்து கூட்டிக்கிருதேன்னாக. எங்கப்பா விடல."

"யார்ட்டயும் சொல்லலயா நீங்க? மாமாட்டக்கூடயா?"

"அத்த சொல்ல வேண்டாம்னாகளே."

"என்கிட்டயாவது அம்மா சொல்லிருக்கலாம்ல."

"அதயும் நான் கேட்டேன். அவ தாங்க மாட்டா தாயி, வேண்டாம்னாக."

வேறு என்ன பேசினோம் என்று நினைவில்லை. வத்தல் விலை பற்றி ஏதோ சொன்னாள். ஒரு நாள் வீட்டுக்கு வா என்றாள். போனை வைத்துவிட்டேன்.

பாவம், படிப்பு போனது, அத்தை வீடு போனது, சித்திக்காரியிடமே போய் நின்றாள் என்று நான் இரக்கப்பட வேண்டும். படுகிறேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வருவது அந்தப் பழைய எரிச்சல்தான். பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் அம்மா குனிந்து அவளிடம் கேட்டிருக்கிறாள். பெரிய மனுஷியிடம் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறாள். சாகிற வரைக்கும் அம்மா என் வீட்டில்தான் இருந்தாள். கஞ்சி ஊட்டினேன், சேலை மாற்றிவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா என்னைக் காப்பாற்றினாள் என்று இத்தனை காலம் வைத்திருந்தேனே, அது காப்பாற்றியதில்லை. என்னிடம் கொடுக்க முடியாது என்று நினைத்ததை அவளிடம் கொடுத்திருக்கிறாள்.

இதில் எனக்குத் தெரியாதவை நிறைய இருக்கும். சோடா உடைவதற்குத் தோசைக்கல் சூடு போதுமா, டியூஷன் பெண் சொன்னதை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து காரியாபட்டிக்கு நேர் பஸ் இருந்ததா, விருதுநகரில் மாறித்தான் போக வேண்டுமா என்பதும் எனக்கு மறந்துவிட்டது. அதையும் பாருங்கள். அம்மா அவளிடம் அப்படிக் கேட்டாளா என்பதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். கேட்டிருப்பாள். என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.